வெட்டு நாளும் நுவரெலியா பஸ்ஸும்

இடம் சொல்கிறவர்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சுற்றுநிருபத்திலும் அது இல்லை. ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில் நலன்புரிச் சங்கம் ஒரு ட்ரிப் போகும். அந்த வருடம் யார் ஓய்வு பெறுகிறாரோ, அவர்தான் எங்கே போவது என்று சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான். வாக்கெடுப்பும் இல்லை, முறையீடும் இல்லை.

வழக்கம் சும்மா வந்ததல்ல. முன்பெல்லாம் எல்லோரையும் கேட்டுத்தான் இடம் தெரிவு செய்தோம். ஒரு வருடம் பாதிப் பேர் யாழ்ப்பாணம் என்றார்கள், பாதிப் பேர் கண்டி என்றார்கள். பஸ் புறப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. கடைசியில் சாரதிக்குக் கோபம் வந்து, பஸ்ஸைக் கல்குடாக் கடற்கரையில் நிறுத்திவிட்டு, என்ஜின் திறப்பையும் கழற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நினைத்தால் பின்னேரம் போய் வரக்கூடிய இடத்தில், கண்டிக் குளிருக்கென்று கொண்டுபோன போர்வைகளை மணலில் விரித்து, சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு வந்து சேர்ந்தோம். அடுத்த கூட்டத்திலேயே இந்த வழக்கத்தை நான் முன்மொழிந்தேன். அப்போது நான் சாதாரண எழுதுவினைஞர். பிற்பாடு நிர்வாக உத்தியோகத்தராக, எல்லோர் வாயிலும் ஏ.ஓ. சேராக ஆன பிறகும் அதை மாற்ற விடவில்லை.

வழக்கத்தால் நன்மைதான் விளைந்தது என்று சொல்ல மாட்டேன். ஸ்டோர்ஸ் அக்கா ஓய்வு பெற்ற வருடம் கோயில் கோயிலாகப் போனோம், செருப்புப் போட நேரமில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் ஒரு நீர்வீழ்ச்சியைச் சொன்னார். அங்கே அட்டைக் கடி. நீர்வீழ்ச்சியை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோரும் அவரவர் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். சாரதி சூசை அண்ணன் தலைமன்னார் சொன்னார். வேறு சாரதி பஸ் ஓட்ட, இவர் பின் இருக்கையில் ஏறிப் படுத்தவர், போகும்போதும் தூக்கம், வரும்போதும் தூக்கம். "இவ்வளவு காலமும் நான் ஓட்ட நீங்க நித்திரை கொண்டீங்கதானே" என்றார்.

பிறகு என் முறை வந்தது.

அலுவலகம் முழுவதும் திடீரென்று என்மேல் பாசமாகிவிட்டது. சங்கத்தின் செயலாளர் தர்ஷினி மிஸ் கெட்டிக்காரி, வயதில் என் மகள் மாதிரி. அவருக்கு நுவரெலியா வேண்டும். எனக்குப் படுவான்கரை எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வந்தது. கணக்காளர் ஜெயந்தன் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாக் கட்சி. அவர் வீட்டு இறால் பொரியல் வந்தது. அறுகம்பைக் கட்சிக்காரர்கள் நண்டுக் கறி கொண்டுவந்தார்கள். நான் எந்தக் கட்சியையும் புறக்கணிக்கவில்லை. எல்லாக் கட்சிச் சாப்பாட்டையும் ஒரே நடுநிலையோடு சாப்பிட்டேன். வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்புப் போட்ட ஒருவரை மட்டும் கூப்பிட்டு, வழக்கம் என்னவென்று தெரியுமா தம்பி என்று கேட்டு, அதை அழிக்க வைத்தேன்.

உண்மையில் எனக்கு இடம் முக்கியமில்லை. என் கவலை வேறு. அந்தக் கடைசி ட்ரிப்புக்காவது என் மனைவி புவனம் வர வேண்டும்.

அவள் ஒரு ட்ரிப்புக்கும் வந்ததில்லை. ட்ரிப் ஓகஸ்டில் வரும், சிறுபோக நெல் வெட்டும் ஓகஸ்டில்தான் வரும். நான் கதிரவெளிக் கடற்கரையில் பிறந்தவன். கலியாணம் முடித்து, இங்குள்ள வழமைப்படி மனைவி வீட்டுக்கு, தேற்றாத்தீவுக்கு வந்தேன். வயல் அவளுடைய தாய்வழிக் காணி, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் கிடக்கிறது. எனக்கு வலையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும், நெல்லைப் பற்றிச் சோறாக வந்த பிறகுதான் தெரியும். அதனால் அவள் வெட்டை என்னிடம் விடுவதில்லை. பிள்ளைகள் இரண்டும் தூரத்தில் வேலை. ஒவ்வொரு வருடமும் நான் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகப் பஸ் ஏறுவேன். அவள் என்னுடைய பழைய நீளக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவாள். நான் திரும்பி வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் இருத்தி வைத்து எல்லாவற்றையும் கேட்பாள். யார் வாந்தி எடுத்தது, யார் யாரோடு கோபம், அங்கே சோறு எப்படி, எல்லாம். நான் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்துத்தான் சொல்வேன். அவள் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். ஆனால் ஆளை விட்டுவிட்டுப் போய்வந்து கதை சொல்வது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டு வந்தது.

எங்கே போவோம் என்று கேட்டேன். வெட்டு முடிந்தால் எங்கேயும் போகலாம் என்றாள். அப்படியென்றால் எந்த இடம் விருப்பம் என்று விடாமல் கேட்டேன். அப்போது வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம், முற்றத்து மணல் காலை வைக்க விடாமல் சுட்டது. அவள் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"குளிருற இடம். வாயைத் திறந்தா புகை வருமாமே, அதை ஒருக்காப் பாக்கோணும்."

மறுநாள் நுவரெலியா என்று அறிவித்தேன். தர்ஷினி மிஸ் தயிர்ச் சட்டிதான் வென்றது என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. கணக்காளர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

கடிதம் எழுதிக் கெடுத்த கதை

இனி வெட்டு ட்ரிப்புக்கு முன் முடிய வேண்டும். இப்போதெல்லாம் அரிவாள் இல்லை, வெட்டு மெசின்தான். மெசின் ஒன்று, வயல்கள் நூற்றுக்கணக்கில். எங்கள் வட்டையில், அதாவது ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் அந்த வயல் நிலம் முழுவதற்கும், மெசின் எந்த நாள் எந்த வயலில் இறங்கும் என்று முறை வைப்பவர் வட்டை விதானையார். தண்ணீர் திறப்பதும் அவர் சொல்லித்தான், வெட்டுவதும் அவர் சொல்லித்தான். வயதான மனிதர், புவனத்துக்கு மாமா முறை.

முறை கேட்க வேண்டுமென்றால் என்ன செய்வது வழக்கம்? காலையில் வரம்பில் போய் நின்று, வெற்றிலையைக் கொடுத்து, அவருடைய முழங்கால் வருத்தத்தை விசாரித்து, மழை வருமா என்று கதைத்து, கடைசியில் போகிற போக்கில் மெசினைப் பற்றிக் கேட்பது. புவனம் அப்படித்தான் வருடா வருடம் கேட்கிறாள். இம்முறை நான் சொன்னேன், நீ பேசாமல் இரு, இதை நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று.

ஒழுங்காகத்தான் செய்தேன். கடிதம் எழுதினேன். "விடயம்: சிறுபோக அறுவடை இயந்திரத்துக்கான முறை ஒதுக்கீடு தொடர்பானது." காணியின் விபரம், உரிமையாளரின் பெயர், வேண்டப்படும் திகதி, மாற்றுத் திகதி, அனைத்தும் இலக்கமிட்டு. அடியில் பிரதி கமநல சேவை நிலையத்துக்கு என்றும் போட்டுவிட்டேன். அதுதான் வினை. பிரதி போடுவது எங்கள் தொழிலில் மூச்சு விடுகிற மாதிரி, கை தானாகவே எழுதிவிடும். ஆனால் வட்டை விதானையார் அதைப் பார்த்தபோது, என்னைப் பற்றி மேலிடத்துக்கு முறைப்பாடு செய்திருக்கிறான் இவன் என்றுதான் விளங்கியிருக்கிறது.

பதில் வந்தது. அதுவும் கடிதமாகவே வந்தது. பேரப்பிள்ளையின் கையெழுத்து, அடியில் அவருடைய ஒப்பம். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. இவ்விடயம் அடுத்த கூட்டத்தில் ஆராயப்படும் என்பதை அறியத்தருகின்றேன்."

அந்த வசனம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. வாய்க்கால் மதகு உடைந்துவிட்டது என்று அவர் எங்கள் அலுவலகத்துக்கு எழுதியபோது, நான் ஒப்பமிட்டு அனுப்பிய பதில் அது. மனிதர் அதை எழுத்துப் பிசகாமல் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார். மதகு இன்னும் உடைந்துதான் கிடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புவனம் கடிதத்தை வாங்கி வாசித்தாள். பிறகு என் பிரதியையும் வாசித்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாமாட்ட வெத்திலயோட போனா, கதைச்சு முடிக்க முன்னமே நாள் தந்திருப்பார். நீங்க அவருக்கு பைல் திறந்திருக்கிறீங்க" என்றாள்.

அன்று பின்னேரமே அவள் பாலத்தைக் கடந்து போய், கையோடு வெற்றிலையும் கொஞ்சம் சிரிப்பும் கொடுத்து, மாமாவைச் சமாதானப்படுத்தினாள். ஆனால் அதற்குள் முறை எல்லாம் வைத்தாகிவிட்டது. எங்கள் வயலுக்குக் கிடைத்த நாள் சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைதான் ட்ரிப். அதை விட்டால் மெசின் வேறு வட்டைக்குப் போய்விடும், திரும்பி வர நெல் உதிர்ந்துவிடும்.

ட்ரிப்பை ஒரு கிழமை தள்ளி வைக்கலாமா என்று தர்ஷினி மிஸ்ஸிடம் கேட்டேன். பஸ்ஸும் தங்குமிடமும் பேசியாகிவிட்டது, அடுத்த கிழமை பள்ளிக்கூடம் தொடங்கிவிடும் என்றார். அப்படியென்றால் நானும் போகவில்லை என்று வீட்டில் சொன்னேன். புவனம் விடவில்லை. கடைசி ட்ரிப், நீங்கள் இடம் சொல்லி நீங்களே போகாமல் விட்டால் ஆட்கள் என்ன நினைப்பார்கள், வயலில் நின்று நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், வெயிலில் மயங்கி விழுந்தால் உங்களைத் தூக்குவதா நெல்லைத் தூக்குவதா என்று கேட்டாள். மாமியாரின் காலத்தில் அவருடைய தங்கச்சி ஒருத்தி லண்டனில் இருந்து அனுப்பிய சுவெட்டர் ஒன்று அலுமாரியில் கிடந்தது. ட்ரிப்புக்கென்று எடுத்து வெயிலில் போட்டிருந்தாள். அதை மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே வைத்தாளோ, தெரியாமல் வைத்தாளோ.

சந்தியில் பரீட்சை

சனிக்கிழமை விடிய முன்னமே சந்திக்கு வந்துவிட்டோம். பஸ் களுவாஞ்சிகுடியில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, எங்களை எடுத்து, பட்டணம் போய், செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் போவதாக ஏற்பாடு. நான் புதுச் சேர்ட்டும் பையுமாக நின்றேன். புவனம் என் பழைய நீளக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு, சைக்கிளில் மெசின்காரருக்கான சோற்றுச் சட்டியைக் கட்டிக்கொண்டு, என்னை அனுப்பிவிட்டு அப்படியே வயலுக்குப் போகிற எண்ணத்தில் நின்றாள்.

பஸ் வந்தது. பாட்டு, கூக்குரல், எல்லா யன்னலிலும் தலை. தர்ஷினி மிஸ் இறங்கி வந்து புவனத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்ரி வரல்லையா சேர்?"

வயல் வெட்டு என்றேன். மெசின் இன்றைக்குத்தான் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஒரு கால் வைத்தவன் அப்படியே இறங்கினேன். பையைத் தர்ஷினி மிஸ்ஸின் கையில் கொடுத்தேன்.

"இவதான் வாறா. நான் வயலுக்குப் போறன்" என்றேன்.

புவனம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன தெரியும் எண்டு வயலுக்குப் போறீங்க?"

"கேட்டுப் பாரன்."

கேட்டாள். நடுச்சந்தியில், பஸ் இரைந்துகொண்டு நிற்க, அரைவாசி அலுவலகம் யன்னலால் எட்டிப் பார்க்க, எனக்கு வாய்மொழிப் பரீட்சை நடந்தது. என் வாழ்நாளில் சம்பள உயர்வுக்கென்று எழுதிய எந்தத் தடைதாண்டல் பரீட்சைக்கும் அப்படி வியர்த்ததில்லை.

"மெசினை முதல்ல எந்தப் பக்கம் இறக்கோணும்?"

"மேட்டுப் பக்கம். பள்ளத்தில ஈரம், மெசின் புதையும். அது கடைசிக்கு."

"தெற்கு வரம்பு?"

"அது பக்கத்துக் காணிக்காரரோட பொது வரம்பு. மெசின் கிறுகித் திரும்பேக்க ஏற விட ஒண்ணா. போன வருஷம் ஏறித்தான் சண்டை வந்த."

"நெல்லை எங்க கொட்டுற?"

"வாய்க்கால் ஓரத்தில படங்கு விரிச்சு. காத்துப் பக்கம் பாத்து."

"மெசின்காரர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு வேகமா விட்டா?"

"நெல் வைக்கலோட போயிரும். மெல்ல விடச் சொல்லோணும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஆரு சொல்லித் தந்த உங்களுக்கு?"

"ஆரு? நீதான். வருஷா வருஷம் சோத்தைப் போட்டுப் போட்டு இதைத்தானே சொல்றாய். நான் காது கேளாதவன் எண்டு நினைச்சியா?"

பஸ்ஸுக்குள் யாரோ கைதட்டினார்கள். கணக்காளராகத்தான் இருக்க வேண்டும், மனிதருக்கு என்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போனது. புவனம் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள். உடுப்பு இல்லை, சுவெட்டர் இல்லை, இந்தச் சட்டையோடு எப்படி என்று கடைசியாக ஒரு தடை சொல்லிப் பார்த்தாள். பெண்கள் நான்கு பேர் ஒரே குரலில் எங்களிடம் இருக்கிறது அன்ரி என்றார்கள். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பஸ் போனது. சோற்றுச் சட்டியோடு சைக்கிளும் நானும் மிஞ்சினோம்.

போனில் நடந்த வெட்டு

அன்றைய நாளைப் பற்றி நான் அதிகம் பெருமை பேச முடியாது. பரீட்சை வேறு, வேலை வேறு. காற்றுப் பக்கம் பார்த்துப் படங்கை, நெல் கொட்டுகிற தார்ப்பாயை, விரிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் எது காற்றுப் பக்கம் என்று பார்க்காமல் விரித்து, சாவிப் பதரும் தூசியும் முழுக்க என் மூக்குக்குள் போனது. புதுச் சேர்ட் அன்றோடு முடிந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. செங்கலடியில் இருந்து ஒரு தரம், கரடியனாற்றில் இருந்து ஒரு தரம். மெசின் வந்ததா, மேட்டுப் பக்கம் இறங்கியதா, மெசின்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்ததா? மகாஓயாக் காட்டுக்குள் சிக்னல் போனது. அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நிம்மதியாக நின்றேன்.

வட்டை விதானையார் குடையோடு வரம்பில் நடந்து வந்தார். என்னை அடையாளம் காணவே அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஏ.ஓ. ஐயா நுவரெலியா போகல்லையா?"

"இவ போயிட்டா. எனக்குத்தான் வெட்டு."

மனிதர் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு சிரித்தார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வாயில் ஐயா போய்த் தம்பி வந்தது. போகாமல் என்னோடேயே நின்றார். மெசின்காரன் வேகத்தைக் கூட்டுகிற போதெல்லாம் குடையைத் தூக்கிக் காட்டினார், அவன் குறைத்தான். மதகு விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் அந்த மதகுக்குப் பக்கத்தில்தான் நின்றோம்.

பின்னேரம் பெரிய பகுதி வெட்டி முடிந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மெசின் நெல்லைக் கொட்டுகிற அழகைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். அப்போது பஸ் மலையேறி, அவர்கள் நுவரெலியா வாவிக்கரையில் சோளம் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். அனுப்பிய கையோடு போன் வந்தது.

"அது ஆர்ர படங்கு?"

திரும்பிப் பார்த்தேன். எங்களுடையது நீலம். நெல் விழுந்துகொண்டிருந்தது பச்சைப் படங்கில். நான் படத்துக்கு இடம் சரிபார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில், மெசின்காரன் பக்கத்துக் காணிக்காரர் தன் முறைக்கென்று விரித்து வைத்திருந்த படங்கில் எங்கள் நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துக் காணிக்காரர் மரத்தடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் தானாக வருகிற நெல்லை யார் வேண்டாம் என்பார்? விதானையார் போய் இரண்டு வார்த்தை சொன்னார். படங்கோடு நான்கு பேராக இழுத்து எங்கள் பக்கம் சேர்த்தோம்.

அதற்குப் பிறகு போனில் அவள் சத்தம் மாறியிருந்தது. பற்கள் அடித்துக்கொண்டு கதைத்தாள்.

"இஞ்ச வாயைத் திறந்தாப் புகை வருது, தெரியுமா? நான் திறந்து திறந்து பாக்கிறன். தர்ஷினிப்புள்ள வீடியோ எடுக்கு."

நான் வைக்கோலுக்கு நடுவில் குந்தியிருந்து அதைக் கேட்டேன். கண் கலங்கியது. தூசி என்று விதானையாருக்குச் சொன்னேன். அவரும் ஓம், தூசிதான் என்றார்.

யார் கதை யாருக்கு

ட்ரிப் திரும்பி வந்த இரவு, பஸ்ஸில் இருந்த எல்லோரும் கைகாட்டினார்கள். எனக்கல்ல, அவளுக்கு. வீட்டுக்கு வந்தும் அவள் படுக்கவில்லை. இம்முறை சோறு நான் போட்டேன், கதை அவள் சொன்னாள். யார் வாந்தி எடுத்தது, யார் யாரோடு கோபம், அங்கே சோறு எப்படி, எல்லாம். நான் சொல்வதை விட நன்றாகச் சொன்னாள். அதுவும் எனக்குக் கொஞ்சம் சுட்டது.

திங்கட்கிழமை அலுவலகம் போன பிறகுதான் மீதியை அறிந்தேன். பஸ்ஸில் ஏறிய கையோடு இவள் ஒவ்வொருவரையும் தானாகவே அடையாளம் கண்டிருக்கிறாள். நான் வீட்டில் சொன்ன கதைகளை வைத்து. கணக்காளர் என் மேசைக்கு வந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சேர், பின்னேரம் தேத்தண்ணி வராட்டி கண் திறக்காத ஆள் நான்தானாமே?"

அவருக்குப் பின்னால் தபால் பிரிவுத் தங்கச்சி நின்றார். ஒரு கடிதத்தை மூன்று தரம் பதிந்து மூன்று தரமும் தொலைக்கிறவர் என்று நான் சொன்னது அவரைத்தான். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். அன்றைக்கு எனக்குக் கதிரையை விட்டு எழும்பவே வெட்கமாக இருந்தது. ஆனால் ஒருவருக்கும் கோபமில்லை. சிரித்தார்கள். என் அறைக்குள் நின்று ஆட்கள் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்களும் வெறுங்கையோடு விடவில்லை. எனக்கு அலுவலகம் வைத்திருந்த பட்டப்பெயரை அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீமெந்து. முகம் ஒருதரம் இறுகினால் பிறகு இளகாதாம். எத்தனையோ வருடமாக நடக்கிற சங்கதி, எனக்கு மட்டும் தெரியாது. அன்றிரவு வீட்டில், சீமெந்துக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடவா என்று அவள் கேட்டபோதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற முன் நான் செய்த கடைசி வேலைகளில் ஒன்று அந்த மதகு பைலைத் தேடி எடுத்து, திருத்த வேலைக்கு ஒப்பமிட்டது. இப்போது தண்ணீர் ஒழுங்காகப் பாய்கிறது. அதற்காக விதானையார் ஒரு கடிதமும் எழுதவில்லை, வீட்டுக்கு வெற்றிலையோடு வந்தார்.

இப்போது அலுவலகங்களில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்வேன். ட்ரிப்புக்கு எங்கே போவது என்று நீங்கள் குத்துப்படுவதை வட்ஸ்அப்பில் பார்க்கிறேன். மலையா கடலா என்பது இருக்கட்டும். நீங்கள் போகிற நாளில் வீட்டில் யார் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். அவருடைய வேலையை ஒருநாள் செய்து பாருங்கள். முழுக்கச் சரிவராது, படங்கு மாறும், பரவாயில்லை.

நான் ஓய்வு பெற்று அடுத்த ஓகஸ்ட். கணக்காளர் ஜெயந்தன் ஓய்வு பெறுகிற முறை, அவர்தான் இடம் சொல்ல வேண்டும். பின்னேரம் போன் எடுத்தார். பழைய ஏ.ஓ.விடம் ஆலோசனை கேட்கிறார் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன். சுகம் விசாரித்தார். பிறகு, போனை அக்காவிடம் கொடுங்கள் சேர், எங்கே போவதென்று அவவிடம்தான் கேட்க வேண்டும் என்றார். கொடுத்தேன்.

அவள் முற்றத்தில் நடந்து நடந்து நெடுநேரம் கதைத்தாள். யாழ்ப்பாணம்தான், ஆனால் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு என்று அவளே முடிவு செய்தாள். கடைசியில் அவர் கேட்ட கேள்வி என்னைப் பற்றியதாக இருக்க வேண்டும், திரும்பி என்னை ஒருக்காப் பார்த்தாள்.

"அவரா? வரமாட்டார் தம்பி" என்றாள். "வெட்டு இரிக்கு."